ரைல்ஸ் டியூப் போடக் கற்பித்தல்: பயிற்சிப் பொம்மையில் ஒரு முழு அமர்வை நடத்தும் முறை

கை பழகிய ஸ்டாஃப் நர்ஸுக்கு இரைப்பைவரை போகும் குழாயான ரைல்ஸ் டியூபை மூக்கில் நுழைத்து இறக்க இரண்டு மூன்று நிமிடம் போதும். இறக்கிய டியூப் இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்ய அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். நம் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் பாதியோடு முடிந்துவிடுகின்றன. மாணவர் பொம்மைக்கு டியூப் போடுகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், பதிவேட்டில் கையெழுத்து விழுகிறது. எப்படித் தள்ளினாலும் இரைப்பைக்கே வழிவிடும் பொம்மையில் பழகியவருக்கு, தவறான இடத்துக்குப் போன டியூப் எப்படி இருக்கும் என்பதே தெரியாது. நோயாளியின் நுரையீரலுக்குள் கஞ்சி போவது அந்த இடைவெளியில்தான்.

மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல் வந்த திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தால் திறன் ஆய்வகம் என்று ஓர் இடமாவது இருக்கிறது. 1954 முதல் நடக்கும் மதுரை மருத்துவக் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் வசதி உசிலம்பட்டியிலோ மேலூரிலோ திருமங்கலத்திலோ வேலை பார்க்கும் நர்ஸுக்கும், இருபது படுக்கை நர்சிங் ஹோமில் இரவு டூட்டி பார்க்கும் ஜூனியர் டாக்டருக்கும் எளிதில் கிடைக்காது. பக்கவாதம் வந்தவரும், விஷம் குடித்தவரும், வாய்ப் புற்றுநோய் நோயாளியும் முதலில் வந்து இறங்குவது அவர்களிடம்தான். ஓர் அறை, ஒரு மேசை, மூன்று மணி நேரம், ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேர் என்ற கணக்கில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

பொருட்கள்

ரைல்ஸ் டியூப் 12, 14, 16 எண்களில் தலா இரண்டு வேண்டும். எண் என்பது பிரெஞ்ச் அளவு, அதாவது வெளிவிட்டம். ஓர் எண்ணுக்கு மூன்றில் ஒரு மி.மீ. எனவே 12 என்றால் 4 மி.மீ., 16 என்றால் 5.3 மி.மீ. பின்முனையின் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லப் பழக வேண்டும்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. பெரியவர்களுக்கு உணவு கொடுக்க 12 அல்லது 14 போதும். 16, 18 இரைப்பையைக் காலி செய்வதற்கு. "பெரிசாப் போட்டா அடைக்காது" என்று எல்லோருக்கும் 16 போடும் பழக்கம் பல வார்டுகளில் உண்டு. மூக்கோரம் புண்ணாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டியூபின் நீளம் பொதுவாக 105 செ.மீ. நுனி மூடியிருக்கும், அதற்குள் எக்ஸ்ரேயில் தெரியும்படி சிறு உலோகக் குண்டுகள் இருக்கும். பக்கவாட்டில் நான்கு கண்கள், அதாவது துளைகள். நுனியிலிருந்து 50, 60, 70 செ.மீ. தூரங்களில் கோடுகள். சில தயாரிப்புகளில் 40-லும் ஒரு கோடு உண்டு. பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு டியூபைக் கையில் எடுத்து, இஞ்ச் டேப்பை வைத்து இந்தக் கோடுகளைச் சரிபார்க்கட்டும். கோட்டைத் தப்பாக எண்ணுவதால் வரும் பிழை நிறைய.

மற்றவை: நுனி அகன்ற 50 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, தண்ணீரில் கரையும் ஜெல்லி, பிளாஸ்டர், ஸ்டெதாஸ்கோப், கிட்னி டிரே, டார்ச், கையுறை, தண்ணீர் டம்ளர், ஸ்ட்ரா, திரவத்தின் அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் பி.எச். பட்டைகள் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). பட்டை வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. பள்ளி ஆய்வகத்துக்கு விற்கும் 1 முதல் 14 வரையான தாள் முழு எண்களாகத்தான் காட்டும். நமக்கு 5-க்கும் 6-க்கும் நடுவே என்ன என்று தெரிய வேண்டும். அரை எண் இடைவெளியில் நிறம் மாறும் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெரியாஸ்பத்திரி பக்கத்து சர்ஜிகல் கடைகளில் மற்றதெல்லாம் கைக்குக் கிடைக்கும், பட்டைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஏமாற்றத் தெரிந்த பொம்மை

விலைக்கு வாங்கிய பொம்மை இருந்தால், அதன் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, அதற்குள் டியூப் தடையில்லாமல் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்து வைத்திருந்தால் திறந்து, கீழே ஒரு பையைக் கட்டுங்கள். பொம்மை இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்.

அழகுநிலையப் பயிற்சிக்கு விற்கும் டம்மி தலை ஒன்று. மூக்குத் துவாரங்களைத் துளையிட்டு, வலது துவாரத்தில் 8 மி.மீ. உள்விட்டமுள்ள எண்டோட்ரக்கியல் டியூபின் (வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் போடும் குழாய்) துண்டைப் பொருத்துங்கள். அது முதலில் நேராகப் பின்னோக்கிப் போய், பிறகு கீழ்நோக்கி வளைய வேண்டும். மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால் மாணவர்கள் ஆயுளுக்கும் தப்பாகத் தள்ளுவார்கள். இடது துவாரத்தில் 6 செ.மீ. துண்டு ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையை அடைத்துவிடுங்கள். வளைந்த மூக்குத்தண்டோ பாலிப் என்ற சதை வளர்ச்சியோ உள்ள மூக்குக்கு அது மாற்று. தடை வந்ததும் நிறுத்தி மறு துவாரத்துக்கு மாறுகிறாரா, இல்லை அழுத்துகிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வலது துண்டின் 15 மி.மீ. இணைப்பியை, பழைய வென்டிலேட்டர் சர்க்யூட்டின் ஒய் வடிவ இணைப்பியில் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும். ஒய்யின் பின்பக்கக் கிளை உணவுக்குழாய்: ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் முக்கால் அங்குல வழவழப்பான ஹோஸ், 25 செ.மீ. நீளம். முனையை வெந்நீரில் முக்கி எடுத்தால் இணைப்பியில் ஏறும். முன்பக்கக் கிளை மூச்சுக்குழாய்: அதே ஹோஸ், ஆனால் 40 செ.மீ. நிஜ மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ.தான். இருந்தும் இங்கே நீட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. மயக்கத்தில் இருப்பவரிடம் டியூப் பிரதான மூச்சுக்கிளையைத் தாண்டி நுரையீரலின் ஓரம்வரை தடையின்றிப் போகக்கூடும். "வழுக்கிட்டுப் போச்சு, அப்போ சரிதான்" என்ற நம்பிக்கை உடைய வேண்டும். சர்க்யூட்டோடு வரும் நெளிநெளிக் குழாயை எதற்கும் பயன்படுத்த வேண்டாம், நுனி நெளிவில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு கிளைகளின் அடியிலும் ஆளுக்கொரு 2 லிட்டர் யூரின் பையைக் கட்டுங்கள். பையின் உள்வழி ஹோஸைவிடக் குறுகல் என்பதால் மேல்விளிம்பை வெட்டி, ஹோஸை 5 செ.மீ. உள்ளே விட்டு, பிளாஸ்டரால் இறுக்கிச் சுற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, முன்புறம் துணியால் மூடுங்கள். துணி இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை. எந்த ஹோஸில் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவார்கள். ஒய்யை அரைச் சுற்று திருப்பி வைத்தால், சரியாகத் தள்ளினாலும் டியூப் "நுரையீரலுக்கு"ப் போகும். திருப்பியது பயிற்றுநருக்கு மட்டும் தெரிய வேண்டும்.

இந்த அமைப்பால் முடியாத ஒன்று, டியூப் வாய்க்குள் சுருளுவதைக் காட்டுவது. அதற்கு வாய் திறந்த பொம்மைதான் வேண்டும்.

திரவங்கள்

இரைப்பைப் பையில் 200 மி.லி. தண்ணீரும் 20 மி.லி. சமையல் வினிகரும். பட்டையில் 3 அளவில் காட்டும். நுரையீரல் பையில் 100 மி.லி. தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா, 8-ஐ ஒட்டி வரும். மூன்றாவதாக ஒரு பாட்டிலில் பால், 6-க்கும் 7-க்கும் இடையே. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி போய்க்கொண்டிருப்பவரின் இரைப்பைக்கும், சற்றுமுன் ஃபீட் (டியூப் வழி உணவு) கொடுத்தவரின் இரைப்பைக்கும் இது சரியான மாற்று. இரைப்பைப் பையில் வினிகருக்குப் பதில் இதை ஊற்றினால் போதும். மதுரை வெயிலில் பால் சீக்கிரம் திரிந்துவிடும், அந்தக் காட்சி முடிந்ததும் கொட்டிவிட்டுக் கழுவுங்கள்.

நிறம் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மஞ்சள்தூளைப் போடாதீர்கள், சோடா பட்டால் அது சிவக்கத் தொடங்கும், மாணவர் நிறத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடுவார். கேசரிப் பவுடர் பட்டையின் நிறத்தையே மறைக்கும். நிறமில்லாமல் விடுவதே நல்லது. நுரையீரலிலிருந்து வரும் திரவமும் தெளிவாகவே இருக்கலாம் என்பதுதான் பாடம்.

போடலாமா, கூடாதா

டியூபைத் தொடும் முன் பத்து நிமிடம் கேஸ் ஷீட்டோடு உட்கார வேண்டும். கற்பனையாக ஐந்தாறு ஷீட்டுகள் தயாரித்து, "இவருக்கு மூக்கு வழியாகப் போடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து, மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிபவருக்கு மூக்கு வழி கூடவே கூடாது. மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருந்தால் டியூப் மூளைப் பக்கம் போகலாம். அவருக்கு வாய் வழிதான். கழிவறை ஆசிட் குடித்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு டியூப் இறக்குவது வெந்த உணவுக்குழாயை ஓட்டை போடும் வேலை, சீனியரைக் கூப்பிட வேண்டும். அரளி விதை அரைத்துக் குடித்து வந்தவர் வேறு கணக்கு. அங்கே மூச்சுப்பாதைப் பாதுகாப்பு, நாடித்துடிப்பு, நேரம் எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுப்பது மருத்துவர் பொறுப்பு. கல்லீரல் கெட்டு ரத்த வாந்தி எடுத்தவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், அண்மையில் மூக்கிலோ உணவுக்குழாயிலோ அறுவை செய்தவர்: இவர்களுக்கும் சொந்த முடிவு வேண்டாம்.

இறக்குதல்: நான்கு சுற்று

1998-இல் பெய்ட்டன் வகுத்த நான்கு படி முறை இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். முதல் சுற்றில் பயிற்றுநர் ஒரு வார்த்தை பேசாமல், நிஜ வேகத்தில் முழுதும் செய்து காட்டுகிறார். இரண்டாவதில் ஒவ்வொரு அடியாகக் காரணத்தோடு விளக்குகிறார். மூன்றாவதில் மாணவர் வாயால் சொல்லச் சொல்ல, பயிற்றுநரின் கை அதை மட்டும் செய்கிறது, சொல்லாததைச் செய்வதில்லை. நான்காவதில் மாணவர் சொல்லிக்கொண்டே செய்கிறார். மூன்றாவது சுற்றைத்தான் நேரமில்லை என்று வெட்டுவார்கள். வெட்டக் கூடாத சுற்றும் அதுதான், யாருக்கு எந்த அடி விட்டுப்போகிறது என்று அங்கேதான் தெரியும்.

செய்முறை இது. நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள், முடியாதவருக்குத் தலைமாட்டை 45 பாகையாவது உயர்த்துங்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனி வரை டியூபை வைத்து அளந்து குறியுங்கள். இந்த அளவைத் தொடக்கமாகத்தான் கற்பிக்க வேண்டும். பலருக்கு இதில் நுனி உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும், பக்கக் கண்கள் மேலே உணவுக்குழாயில் இருக்கும்; ஃபீட் மேலேறி வரும். இதனால்தான் அளவோடு 10 செ.மீ. கூட்டிப் போடும் முறை வந்தது. உங்கள் மருத்துவமனை எதைப் பின்பற்றுகிறதோ அதையே எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுங்கள்.

நுனி 10 செ.மீ.க்கு ஜெல்லி தடவி, மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னோக்கி, காதைப் பார்த்துத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்குத் துவாரம் கீழ்நோக்கித் திறந்திருப்பதால் கை தானாக மேலே தூக்கும். அங்கே இடித்தால் வலியும் ரத்தமும்தான். மூக்கிலிருந்து 3 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடித்து, ஒருமுறைக்கு அந்த 3 செ.மீ. மட்டும் தள்ளட்டும். உள்ளங்கை முழுதும் பிடித்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. பொம்மையின் பிளாஸ்டிக் மூக்கு நிஜ மூக்கைவிட இறுக்கமாக இருப்பதால், அழுத்தித் தள்ளும் கெட்ட பழக்கம் பயிற்சியிலேயே ஒட்டிக்கொள்ளும். தயாரிப்பாளர் சொன்ன திரவத்தைப் பொம்மையின் மூக்குக்குள் முன்பே அடித்துவிடுங்கள்.

தொண்டைக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தம். குமட்டல் வந்தால் வந்து போகட்டும். இப்போது தாடையை நெஞ்சை நோக்கிக் குனியச் சொல்லி, ஸ்ட்ராவால் ஒரு வாய் தண்ணீர். விழுங்கும் நொடியில் தள்ளல். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும், உணவுக்குழாய் திறக்கும், அந்த ஒரு நொடிதான் வாசல். விழுங்க முடியாத பக்கவாத நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது, எச்சிலை விழுங்கச் சொல்லலாம். தலையைப் பின்னால் சாய்த்துவிட்டுத் தள்ளுவதுதான் நாம் பார்க்கும் பொதுவான தப்பு. அது மூச்சுக்குழாயை நேராக்கி வைக்கும்.

சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத வார்டில் பி.வி.சி. டியூப் நூல்போலத் தொய்ந்துவிடும், தொண்டையில் சுருளும். உறையோடு சில நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்தால் கொஞ்சம் விறைக்கும்.

இருமல், திணறல், குரல் எழும்பாமை, நீலம் பாரித்தல், ஆக்சிஜன் அளவு இறங்குதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே தொண்டைவரை பின்னிழுக்க வேண்டும். ஆனால் மயக்கத்தில் இருப்பவர் இருமாமலேயே இருக்கலாம். எண்டோட்ரக்கியல் டியூபின் பலூன் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம், அதையும் ஒட்டிக்கொண்டு ரைல்ஸ் டியூப் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

பொம்மை பேசாது என்பதால், அதன் தலைமாட்டில் ஒருவரை உட்கார வைத்து நோயாளியாகப் பேச வையுங்கள். டியூப் பொம்மைக்குத்தான், பேச்சு ஆளுக்கு. ஒருவருக்கொருவர் டியூப் போட்டுப் பழகும் வேலை வேண்டாம். "ஐயா, சோறு தண்ணி இறங்குறதுக்காக மூக்கு வழியா ஒரு சின்னக் குழாய் போடப் போறேன். வலிக்காது, கொமட்டும். முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்ற வரிகளைத் தடங்கலில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். நோயாளியாக நடிப்பவர் நடுவில் கையைத் தூக்கிப் பார்க்கட்டும். பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். அது பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

டியூப் எங்கே இருக்கிறது?

மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

நம் ஊரில் இன்றும் நடப்பது, சிரிஞ்சில் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்து "புஸ்" சத்தம் கேட்பது. இங்கிலாந்தின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2005-லேயே இதை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. 2011-இல் மீண்டும் சொன்னது. தவறான இடத்திலுள்ள டியூபில் உணவு கொடுப்பதை, ஒருபோதும் நடக்கக் கூடாத நிகழ்வு என்றே 2009 முதல் அங்கே பட்டியலிட்டிருக்கிறார்கள். காரணம் எளிது. நுரையீரலின் அடிப்பகுதியில் அடித்த காற்றின் சத்தம் உதரவிதானம் தாண்டி வயிற்றிலும் கேட்கும்; உணவுக்குழாயில் அடித்தாலும் கேட்கும். டியூபின் முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதும் அதே தரம்: நுனி மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தால் குமிழி வராது, இரைப்பையில் காற்றிருந்தால் வரும்.

இதை வாயால் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். பொம்மையில் காட்ட வேண்டும். துணி மூடிய பெட்டியில் ஒய்யைத் திருப்பித் திருப்பி வைத்து, ஆறு முறை டியூப் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் 20 மி.லி. காற்று அடிக்க, மாணவர்கள் பெட்டியின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு "இரைப்பை", "நுரையீரல்" என்று தாளில் தனித்தனியே எழுதட்டும். கடைசியில் துணியை விலக்கி விடைகளை ஒப்பிடுங்கள். யார் அனுபவசாலி, யார் புதியவர் என்பது அந்தத் தாளில் தெரியாது.

அடுத்து, முறையான வழி. 50 மி.லி. சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வரும் திரவத்தைப் பட்டையில் விட்டு, குறித்த நேரத்துக்குள் டப்பாவின் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் இரைப்பை என்று ஏற்றுக்கொண்டு ஃபீட் தொடங்கலாம். 5-க்கும் 6-க்கும் நடுவே தடுமாறினால் பயிற்சி பெற்ற இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும். 5.5-ஐத் தாண்டினால் ஃபீட் கிடையாது, எக்ஸ்ரே. ஃபீட் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். திரவம் வந்துவிட்டது என்பதே சான்று அல்ல என்பதைச் சோடாத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும்.

இழுத்தால் ஒன்றும் வரவில்லை. வார்டில் அடிக்கடி நடப்பது இதுதான், பயிற்சியில் அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான். நோயாளியை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்து மறுபடி இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் 10 முதல் 20 மி.லி. காற்று அடித்து, நுனியைச் சுவரிலிருந்து விலக்கி, 15 முதல் 30 நிமிடம் காத்திருந்து இழுக்க வேண்டும். பிறகு டியூபை 10 செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்திப் பார்க்கலாம். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் சிலசமயம் இரைப்பை நீரைச் சுரக்க வைக்கும். எதற்கும் வரவில்லையென்றால் எக்ஸ்ரே. இந்த இடத்தில் "அடைச்சிருக்கும், கொஞ்சம் தண்ணி விட்டுப் பார்ப்போம்" என்று ஒருவர் சொல்வார். உறுதி செய்யாத டியூபில் தண்ணீர்கூடப் போகக் கூடாது.

வென்டிலேட்டர் நோயாளிக்குக் கரியமில வாயு அளக்கும் கருவி இருந்தால் கூடுதல் உதவி. டியூபில் அந்த வாயு தெரிந்தால் மூச்சுப்பாதையில் இருக்கிறது என்று தெரியும். தெரியாவிட்டால் இரைப்பை என்று அர்த்தமில்லை.

எக்ஸ்ரே படிக்க

பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்த பதினைந்து இருபது படங்கள் சேர்த்து வையுங்கள். சரியானது, வலது மூச்சுக்கிளைக்குள் போனது, உணவுக்குழாயில் சுருண்டது, கண்கள் மேலேயே நின்றது எல்லாம் கலந்திருக்க வேண்டும். முதல் கேள்வி எப்போதும்: இந்தப் படம் இந்த நோயாளியுடையதா, இந்த டியூப் போட்ட பிறகு எடுத்ததா? பழைய படத்தைப் பார்த்து ஃபீட் தொடங்குவது நடக்கக்கூடிய பிழை. பிறகு நான்கு கேள்விகள், இதே வரிசையில். டியூப் மூச்சுக்கிளையின் வளைவைப் பின்தொடராமல் உணவுக்குழாயின் பாதையில் நேராக வருகிறதா? மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை நடுவாக வெட்டிக்கொண்டு கீழிறங்குகிறதா? உதரவிதானத்தை நடுக்கோட்டில் கடக்கிறதா? நுனி இடது உதரவிதானத்துக்குக் கீழே தெளிவாகத் தெரிகிறதா? நான்குக்கும் "ஆம்" வந்தால்தான் ஃபீட். நுனி தெரியாத படத்தை வைத்து ஊகிக்க வேண்டாம், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளே கம்பி வைத்த மெல்லிய பாலியூரித்தேன் டியூபுகளுக்கு ஒரு தனிச் சுற்று நடத்தலாம். அந்தக் கம்பியின் விறைப்பு நுரையீரலைத் துளைத்து, நெஞ்சுக்கூட்டில் காற்று சேர வைக்கும். உருவிய கம்பியை, டியூப் ஆளுக்குள் இருக்கும்போது மறுபடி நுழைக்கவே கூடாது. பக்கக் கண் வழியாக வெளியே வந்து குத்தும்.

சிக்கல் காட்சிகள்

ஆளுக்கு இரண்டு காட்சி, ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம், முடிந்ததும் அதே அளவு பேச்சு. சில மாதிரிகள்:

இரவு இரண்டு மணி. எக்ஸ்ரே ஆள் இல்லை. பட்டை 6.5 காட்டுகிறது, கேஸ் ஷீட்டில் பான்டோபிரசோல். கூட இருக்கும் மகனாக நடிப்பவர், "சிஸ்டர், அப்பா சாயங்காலத்துலருந்து பட்டினி, கஞ்சி ஆறிப்போச்சு" என்று நச்சரிக்கிறார். சரியான விடை, விடியும்வரை ஃபீட்டை நிறுத்தி வைத்து, மருத்துவருக்குச் சொல்லி, தேவையான திரவத்தையும் சர்க்கரையையும் நரம்பு வழியே கொடுக்கக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. மகனிடம் அதை எப்படிச் சொல்கிறார் என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

மூக்கோரத்தில் 60-இல் குறித்திருந்த டியூப் காலையில் 48-இல் நிற்கிறது. வியர்வையில் பிளாஸ்டர் விட்டிருக்கிறது. உள்ளே தள்ளிவிட்டு ஃபீட் கொடுப்பவர் தோற்றார்.

வென்டிலேட்டர் நோயாளி, இரண்டு முறை சுருண்டுவிட்டது. கழுத்தைச் சற்று முன்வளைக்கலாம், குரல்வளைக் குருத்தெலும்பை மெதுவாக முன்னே தூக்கிப் பிடிக்கலாம். அதற்கும் போகவில்லையென்றால் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பும், டியூபைப் பிடித்து நகர்த்தும் மெகில் ஃபோர்செப்ஸும் வைத்து மயக்க மருத்துவர் பார்ப்பார். மூன்றாவது தடவைக்கு மேல் அதே கை முயலக் கூடாது என்ற விதியை மாணவர் தானே சொல்கிறாரா என்று பாருங்கள்.

பேச்சில் முதலில் மாணவர் என்ன நினைத்துச் செய்தார் என்று கேளுங்கள், பிறகுதான் உங்கள் கருத்து. "ஏன் தள்ளினே?" என்று கேட்டால் குற்றவாளி பதில்தான் வரும். "அந்த இடத்துல என்ன தோணுச்சு?" என்றால் காரணம் வரும்.

ஒட்டுதலும் வீட்டுக்கு அனுப்புதலும்

பிளாஸ்டரை 10 செ.மீ. வெட்டி, பாதிவரை இரண்டாகக் கிழித்து, முழுப் பாதியை மூக்கின் மேல் ஒட்டி, இரண்டு கால்களையும் டியூபில் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். டியூப் மூக்கோரத்தை மேலே இழுக்காமல் நடுவில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் அந்த இடம் புண்ணாகும். மூக்கோர அளவைப் பேனாவால் டியூபிலும், எண்ணாகக் கேஸ் ஷீட்டிலும் குறிக்க வேண்டும்.

டியூபோடு வீட்டுக்குப் போகிறவர்கள் கிராமங்களில் ஏராளம். கூட இருப்பவரையும் அரை மணி நேரம் இதே பொம்மை முன் உட்கார வையுங்கள். தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வடிகட்டிய கஞ்சியை ஊற்றித் தானாக இறங்கவிட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒருவேளைக்கு 200 மி.லி.க்கு மிகாமல், முடிவில் 30 மி.லி. தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காமல். மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்துக் கரைக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. கேழ்வரகுக் கூழைக் கெட்டியாக ஊற்றினால் அடைக்கும். குறி நகர்ந்திருந்தாலோ, இருமினாலோ ஊற்றுவதை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சாதாரண பி.வி.சி. டியூப் இரைப்பை அமிலத்தில் நாளாக ஆக விறைத்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வரச் சொல்லி தேதி எழுதிக் கொடுங்கள்.

குழந்தைகளுக்கு

பெரியவர் பொம்மையில் பச்சிளங்குழந்தைக்குப் பழக முடியாது. டியூப் வேறு (5 அல்லது 6 எண்), அளவு வேறு: மூக்கிலிருந்து காது, அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை. குறைமாதக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால் வாய்வழி போடுவதே வழக்கம், இறக்கும்போது இதயத்துடிப்பு குறையலாம். இதற்குத் தனி அமர்வு வையுங்கள்.

தேர்ச்சி

ஒருமுறை சரியாகப் போட்டதற்குத் தேர்ச்சி கொடுக்க வேண்டாம். வெவ்வேறு இரண்டு காட்சிகளில் அடுத்தடுத்து, அதில் ஒன்றிலாவது ஒய் திருப்பி வைத்திருக்க வேண்டும். சரிபார்ப்புத் தாளில் சில அடிகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, தவறினால் நேரே தோல்வி: நோயாளியின் அடையாளத்தைக் கேட்காதது, மறுப்புக் காரணங்களைப் பார்க்காதது, தடை வந்த பிறகும் அழுத்தியது, உறுதி செய்யாமல் எதையாவது செலுத்தியது. பொம்மையில் தேறியவர் வார்டில் முதல் சில டியூபுகளைச் சீனியர் பக்கத்தில் இருக்கத்தான் போட வேண்டும். மூன்று மாதம் கழித்து, வார்டிலேயே இருபது நிமிடம், ஒய் திருப்பிய பொம்மையோடு ஒரே ஒரு காட்சி. கை மறந்திருக்காது, பட்டை பார்ப்பதைத்தான் விட்டிருப்பார்கள்.

முடிந்ததும்

பைகளைக் கொட்டி, ஹோஸ்களில் வெறும் தண்ணீர் ஓட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு முழுதும் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். வினிகர் இரும்பு கிளிப்புகளைத் துருவாக்கும், பிளாஸ்டிக் கிளிப்பே போடுங்கள். பயன்படுத்திய டியூபுகளின் பின்முனையைச் சாய்வாக வெட்டி, சிவப்பு மார்க்கரால் "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதித் தனி டப்பாவில் பூட்டி வையுங்கள். எழுதாமல் விட்ட ஒரு டியூப் வார்டு டிராலிக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகாது. பட்டை டப்பாவை இறுக மூடி, காலாவதித் தேதியை மூடியின் மேலேயே எழுதுங்கள். காற்றின் ஈரம் பட்ட பட்டை தப்பான நிறம் காட்டும்.